கணக்குப் பாடவேளையில் சுழற்சிக் குழுக்கள்: நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களிலும், அவை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும், காரைக்குடி–தேவகோட்டைப் பேருந்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்கள் இவை. கேட்டவர்கள் பெரும்பாலும் செட்டிநாட்டுக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர்கள். நானும் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் இருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இயன்றவரை வைத்திருக்கிறேன். ஒரே பதிலை வாய்மொழியாகப் பலமுறை சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது என்பதால் எழுதிவைக்க நேர்ந்தது.

சுழற்சிக் குழு, சுழற்சிக் குழு என்கிறீர்களே, அது சரியாக என்ன?

வகுப்பை நான்கு சிறு குழுக்களாகப் பிரித்து, வகுப்பறையின் நான்கு மூலைகளிலும் நான்கு வகையான கணக்கு வேலைகளை வைத்து, குறித்த நேரத்துக்கு ஒருமுறை குழுக்கள் மூலை மாறுவதுதான் சுழற்சி. ஒரு மூலையில் ஆசிரியர் ஏழெட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறார். இரண்டாவது மூலையில் எழுத்துப் பயிற்சியும், மூன்றாவதில் விளையாட்டும், நான்காவதில் முன்பு நடத்திய பாடங்களின் மீள்பார்வையும் நடக்கும்.

இந்த ஏற்பாட்டின் உயிர் ஆசிரியர் மூலையில் இருக்கிறது. முப்பது பேருக்குக் கரும்பலகையில் நடத்தும்போது ஒரு பிள்ளை எந்த இடத்தில் தடம் புரள்கிறது என்பது நம் கண்ணில் படாது. நோட்டைத் திருத்தும்போது விடை தவறு என்பது தெரியுமே தவிர, அந்த விடைக்குப் பிள்ளை எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரியாது. அதை அருகில் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதினைந்து பதினாறு நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுப்பதே மற்ற மூன்று மூலைகளின் வேலை.

இது பழைய செயல்வழிக் கற்றல்தானே? பெயரை மாற்றி மறுபடியும் கொண்டுவருகிறீர்களா?

உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படி அட்டையைப் பார்த்துத் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிச் சென்றதால், ஒரே வேளையில் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு பாடங்கள் நடந்துகொண்டிருந்தன. சுழற்சி முறையில் வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தலைப்பில் நிற்கிறது. அந்தத் தலைப்பில் யாருக்கு எந்த இடத்தில் உதவி தேவை என்பது மட்டுமே குழுவுக்குக் குழு வேறுபடுகிறது. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் அமைத்த கரும்பலகைகள் உங்கள் பள்ளியில் இன்னும் இருந்தால், மீள்பார்வை மூலைக்கு அவற்றைவிடச் சிறந்த சாதனம் வேறில்லை.

அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்திருக்கிறோம். அதே குழுக்கள் போதாதா?

எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை அத்திட்டத்தின் படிநிலைகள்; பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பதை அந்த மூன்று பெயர்களும் பொதுவாகச் சொல்லுகின்றன. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் பெருக்கலில் மொட்டாக இருக்கும் பிள்ளை வடிவியலில் மலராக இருக்கலாம். ஆகவே நிலைப் பட்டியல் பதிவேட்டில் அப்படியே இருக்கட்டும்; சுழற்சிக் குழுவை ஒவ்வொரு பாடத்தலைப்புக்கும் புதிதாகப் பிரியுங்கள்.

பாடவேளை 45 நிமிடம்தான். அதில் நான்கு மூலை எப்படிச் சுற்றுவது?

ஒரே நாளில் நான்கு மூலையும் சுற்ற வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு சுற்று போதும். நான் பின்பற்றும் கணக்கு இது: தொடக்கத்தில் எல்லாரையும் சேர்த்து வைத்து 6 நிமிடம், முதல் சுற்று 16 நிமிடம், இடம் மாற 2 நிமிடம், இரண்டாம் சுற்று 16 நிமிடம், முடிவில் 5 நிமிடம். செவ்வாய், புதன் இரண்டு நாளில் எல்லாக் குழுவும் எல்லா மூலைக்கும் போய்விடும். திங்கட்கிழமையைச் சுழற்சிக்கு ஒதுக்காமல், அந்த வாரத்தின் புதுப் பாடத்தை முழு வகுப்புக்கும் நடத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் வரும் 5 நிமிடத்தை யாரும் வெட்டிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று எந்த மூலையில் எது புரியவில்லை என்று இரண்டு பிள்ளைகள் எழுந்து சொன்னால், நாளைக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் வகுப்பில் 38 பேர். நான்காகப் பிரித்தால் ஒரு குழுவில் ஒன்பது பத்துப் பேர் வருகிறார்கள். பரவாயில்லையா?

விளையாட்டு மூலையிலும் பயிற்சி மூலையிலும் பரவாயில்லை. அங்கே அவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துவிடலாம். ஆசிரியர் மூலைக்கு மட்டும் எட்டுப் பேருக்கு மேல் வந்தால் அது இன்னொரு சிறிய வகுப்பறை ஆகிவிடுமே தவிரக் குழுவாக இருக்காது. அப்படி வரும்போது அந்தக் குழுவை இரண்டாக்கி, முதல் எட்டு நிமிடம் ஒரு பாதியோடும் அடுத்த எட்டு நிமிடம் மறு பாதியோடும் உட்காருங்கள். காத்திருக்கும் பாதி அருகிலேயே சிலேட்டில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கட்டும்.

குழுவை எதை வைத்துப் பிரிப்பது? பருவத் தேர்வு மதிப்பெண்ணா?

மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்காதீர்கள். இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கிய இரண்டு பிள்ளைகள் முற்றிலும் வேறு வேறு இடங்களில் தவறியிருப்பார்கள். அவர்களை ஒன்றாக உட்கார வைத்தால், ஒருவருக்கு நீங்கள் சொல்வது மற்றவருக்குத் தேவைப்படாது. திங்கட்கிழமை பாடம் முடிந்ததும் ஐந்தே ஐந்து கணக்குகளை ஒரு துண்டுத் தாளில் கொடுத்து, விடைகளை எண்ணுவதை விட்டுவிட்டுத் தவறுகளை இனம் பிரியுங்கள். ஒரே வகைத் தவறு செய்தவர்கள் ஒரு குழு.

எடுத்துக்காட்டாக, 402 – 157 என்ற கணக்கைக் கொடுத்தால் ஒரு கூட்டம் 355 என்று எழுதும். அவர்கள் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. இன்னொரு கூட்டம் இனமாற்றம், அதாவது பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்குவது, செய்யத் தெரிந்தும், நடுவில் பூச்சியம் இருப்பதால் திகைத்து நிற்கும். இரண்டு கூட்டத்துக்கும் மதிப்பெண் பூச்சியம்தான். ஆனால் முதல் கூட்டத்துக்குக் கழித்தல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும், இரண்டாவது கூட்டத்துக்கு நூறு ஒன்றைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் காட்டினால் போதும். வகுத்தலிலும் இப்படியே. 612 ÷ 6 என்பதற்கு 12 என்று எழுதும் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியும். ஈவில் பூச்சியம் போட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

நம் மொழிக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. 90ஐத் தொண்ணூறு என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது. 900ஐத் தொள்ளாயிரம் என்கிறோம். அதற்குள் ஆயிரம் ஒலிக்கிறது. ஆகவே ‘தொள்ளாயிரத்து ஐந்து’ என்று வாயால் சொல்லி எழுதச் சொன்னால் 9005 என்று எழுதும் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலும் இருக்கிறார்கள். எண்ணைக் கரும்பலகையில் எழுதியே கணக்குக் கொடுத்தால் இந்தத் தவறு வெளியே வராது என்பதால், ஐந்தில் ஒரு கணக்கையாவது வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

ஆசிரியர் மூலையில் உட்கார்ந்து என்னதான் செய்வது? கரும்பலகைப் பாடத்தையே மறுபடி சொல்வதா?

மறுபடி சொல்வதாக இருந்தால் இத்தனை பாடுபட்டுக் குழு பிரிக்க வேண்டியதில்லை. அங்கே ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். பிள்ளை தான் செய்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘எப்படி வந்தது, சொல்லு’ என்ற கேள்வியை விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால், டீச்சர் கேட்டாலே விடை தப்பு என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டு உடனே அழித்துவிடுவார்கள்.

பின்னத்தை எடுத்துக்கொள்வோம். நான்கைவிட எட்டுப் பெரிது, ஆகவே 1/4ஐவிட 1/8 பெரிது என்பது பகுதி, தொகுதி என்ற சொற்களை ஒப்பித்துவிட்ட பிள்ளைகளிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணம். நம் வீடுகளில் பழைய முகத்தலளவைப் பாத்திரங்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. ஒரு படி, அதில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. நான்கையும் கொண்டுவந்து, புதுவயல் ஆலை அரிசி இரண்டு படி வைத்து, ஆழாக்கால் உழக்கை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு ஆழாக்கால் படியை நிரப்பச் சொல்லுங்கள். எட்டு முறை ஊற்றிய கை, எட்டில் ஒன்று சிறியது என்பதை மறக்காது. 2/8 என்பதும் 1/4 என்பதும் சமான பின்னங்கள் என்ற பாடமும் அதே ஊற்றலில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பெயர்களையும் விடாதீர்கள். கால், அரைக்கால், வீசம் என்று அப்பத்தா சொல்லும் சொற்களிலேயே பின்னப் பெருக்கல் இருக்கிறது: காலில் அரை அரைக்கால், அதாவது 1/8, அதில் பாதி வீசம், அதாவது 1/16. ‘முக்காலே மூணு வீசம்’ என்று பேச்சில் சொல்கிறோமே, அது எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புக் குழு ஒன்றிடம் கேட்டபோது, 12/16உடன் 3/16ஐக் கூட்டி 15/16 என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு சுற்று முழுவதும் ஆனது. அன்று நான் வைத்திருந்த பயிற்சித்தாளைத் தொடவே இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை.

மற்ற மூலைகளுக்குச் சாமான் வாங்க எங்கே போவது? பள்ளியில் அதற்குப் பணம் இல்லை.

கணித உபகரணப் பெட்டி பள்ளியில் இருந்தால் முதலில் அதன் பூட்டைத் திறவுங்கள். தொலைந்துவிடும் என்று பயந்து உள்ளேயே வைத்திருக்கும் பள்ளிகளை நான் அறிவேன். மற்றவை நம் ஊரிலேயே இருக்கின்றன. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் இடமதிப்புக்கு ஆகும். புளியங்கொட்டை எண்ணுவதற்கு ஆகும். ஒவ்வொரு மூலைக்கும் உரிய பொருள்களைப் போட்டுவைக்கப் பனையோலைக் கொட்டான் நான்கு போதும்; பிளாஸ்டிக் டப்பாவைவிட நாள்படும்.

விளையாட்டு மூலைக்குத் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் போல வேறில்லை. தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் ஒன்று வெறுமை; மற்றவை 1, 2, 3. ஒரு கட்டையை நான்கு முறை உருட்டி வந்த இலக்கங்களை வரிசையாக எழுதினால் நான்கிலக்க எண் கிடைக்கும். இருவர் உருட்டி, யாருடைய எண் பெரியது என்று பார்க்க வேண்டும். வெறுமைப் பக்கம் பூச்சியம் என்பதால் 3002, 1020 போன்ற எண்கள் அடிக்கடி வந்து விழும். முதலில் பூச்சியம் விழுந்தால் அது நான்கிலக்க எண்ணா என்ற வழக்கும் தானாகவே எழும். பல்லாங்குழியில் ஒரு பக்கத்து 7 குழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கைநிறைய அள்ளிய புளியங்கொட்டைகளை எண்ணி, சமமாகப் போட்டு, ஈவையும் மீதியையும் எழுதச் சொல்லுங்கள். மீதி ஏன் ஒருபோதும் ஏழாக இருக்க முடியாது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

விளையாட்டு மூலையில் கணக்குத்தான் நடக்கிறதா, வெறும் விளையாட்டா என்று எப்படித் தெரியும்?

எழுத்தில் தெரியும். எந்த விளையாட்டானாலும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி எழுதியாக வேண்டும் என்பதை விதியாக்குங்கள். பல்லாங்குழிக்கு ‘45 ÷ 7, ஈவு 6, மீதி 3’ என்பது ஒரு வரி. ஒரு சுற்றில் எட்டு வரியாவது வந்திருந்தால் கணக்கு நடந்திருக்கிறது. வரி குறைந்தால் விளையாட்டைப் பறிக்காதீர்கள். அந்த இருவரைப் பிரித்து வேறு வேறு ஆளோடு சேர்த்துவிடுங்கள்.

முதல் நாளே வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. இதை எப்படித் தொடர்வது?

எனக்கும் அதுவே நடந்தது. நான்கு மூலையையும் ஒரே நாளில் தொடங்கி, மூன்றாம் நாள் கைவிட்டு, அந்தப் பருவம் முழுவதும் அதன் பக்கம் போகவே இல்லை. தவறு பிள்ளைகளுடையதல்ல, மூலையில் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாருமே பழக்கவில்லை.

இரண்டு வாரத்தை இதற்கென்றே செலவிடுங்கள். முதல் சில நாள் எல்லாரும் ஒரே விளையாட்டை ஆடட்டும். எப்படி எடுப்பது, எப்படித் திருப்பி வைப்பது, எவ்வளவு குரலில் பேசுவது என்பதே அப்போது பாடம். பிறகு இரண்டு மூலை, பிறகு நான்கு. இந்த இரண்டு வாரமும் நீங்கள் ஆசிரியர் மூலையில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடம் மாறுவதற்குக் கைதட்டலோ மணியோ ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, மாறும் திசையைக் கோயில் பிரகாரம் சுற்றுவது போல வலமாக என்று சொல்லிவிட்டால் முட்டல் மோதல் இராது. பாடம் பின்தங்குமே என்று தோன்றும். அதற்கான பதிலை, பருவத்துக்குள் பாடம் முடியுமா என்று பின்னால் வரும் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்: சுழற்சி நடக்கும் வகுப்பு அமைதியாக இருக்காது. பேச்சு கணக்கைப் பற்றியதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள், ஓசையின் அளவைப் பார்க்காதீர்கள்.

நான் ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்றவர்கள் ‘டீச்சர், டீச்சர்’ என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது?

வருவதற்கான காரணத்தைப் பாருங்கள். பென்சில் இல்லை, தண்ணீர் வேண்டும், எழுதி முடித்துவிட்டேன் என்பவைதான் பெரும்பாலும். மூலையிலேயே சீவிய பென்சில்களும், முடித்தவர்களுக்கு அடுத்த வேலை எழுதிய ஓர் அட்டையும் இருந்தால் அவை நின்றுவிடும். கணக்குப் புரியாமல் வருபவர்களுக்கு, மூலையில் உள்ள மூவரைக் கேட்ட பிறகே டீச்சர் என்ற விதி போதும். அதற்கும் மேல் ஒரு குழு முழுவதுமே எழுந்து வருகிறது என்றால், நீங்கள் அந்த மூலையில் வைத்த வேலை அவர்கள் தனியாகச் செய்யக்கூடியதல்ல. புதிய பாடத்தை ஆசிரியர் இல்லாத மூலையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளையை ஒவ்வொரு மூலைக்கும் தலைவராகப் போடலாமா?

மூத்த மாணவன் ஒருவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும், திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறை நமக்குப் புதிதல்ல. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இம்மண்ணில் பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துத் தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் லண்டனில் அதைப் பற்றி அச்சிட்டார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. பெருமைதான். ஆனால் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தலைவர் பொறுப்பை வாரந்தோறும் மாற்றுங்கள். அதில் சாமான் எடுத்து வைப்பதும் நேரம் பார்ப்பதும் மட்டும் இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கும் வேலையை ஒரே பிள்ளையின் தலையில் கட்டினால், அந்தப் பிள்ளை தன் கணக்கைக் கற்காமல் நம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அத்துடன் விடையைச் சொல்லிவிடுவதுதான் உதவி என்று நினைத்துக்கொள்ளும்.

அப்படியானால் நன்றாகக் கணக்கு வரும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

அதே வகைக் கணக்கில் இன்னும் இருபதைக் கொடுப்பது அவர்களுக்குத் தண்டனை. எண்ணிக்கையைக் கூட்டாமல் ஆழத்தைக் கூட்டுங்கள். எங்கள் பக்கத்துக் கணக்கு ஒன்று: 10 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அறைக்கு 8 அங்குலச் சதுரமான ஆத்தங்குடித் தரைக்கல் எத்தனை வேண்டும்? ஒரு வரிசைக்கு 15, வரிசை 12, மொத்தம் 180. இது எல்லாருக்கும் வரும். இப்போது 10 அங்குலக் கல் என்று மாற்றுங்கள். பரப்பளவை வகுத்துப் பார்க்கும் பிள்ளை 115.2 என்று கண்டு 116 கல் என்று சொல்லும். ஆனால் 96 அங்குல அகலத்தில் ஒன்பது வரிசை போக 6 அங்குலம் மிஞ்சுகிறது. அதற்கு வெட்டிய கல்லில் மிஞ்சும் 4 அங்குலத் துண்டு எதற்கும் ஆகாது. ஆகவே 120 கல் வாங்க வேண்டும். 116 ஏன் போதாது என்று படம் வரைந்து விளக்கச் சொன்னால், ஒரு வாரத்து மீள்பார்வை மூலை அவர்களுக்குப் போதும். கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்வதையும் கண்டிருக்கிறேன்.

எல்லாக் குழுவுடனும் சமமாக உட்கார வேண்டாமா? ஒரு குழுவுக்கு மட்டும் கூட நேரம் கொடுப்பது சரியா?

சரிதான். செவ்வாய் முதல் வெள்ளி வரை நாளுக்கு இரண்டு சுற்று என்றால் வாரத்தில் எட்டு வாய்ப்புகள். மிகவும் திணறும் குழுவுக்கு மூன்று, அடுத்த இரு குழுக்களுக்கு இரண்டிரண்டு, தாமே ஓடும் குழுவுக்கு ஒன்று என்று நான் பங்கிடுகிறேன். ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். நன்றாகப் படிப்பவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்த குழுவில்தான் விடை சரியாகவும் வழி தவறாகவும் இருக்கும் கணக்குகள் ஒளிந்திருக்கின்றன.

‘அது மக்குக் குழு’ என்று பிள்ளைகளே சொல்லிச் சிரிக்கிறார்கள். பெயரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

குன்றக்குடிக் குழு, பிள்ளையார்பட்டிக் குழு என்று ஊர்ப் பெயர் வைத்தாலும், ஒரே ஆட்கள் ஆண்டு முழுவதும் ஒரே குழுவில் இருந்தால் இரண்டே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். குழுவின் ஆட்கள் மாற வேண்டும். முன்பு சொன்னது போலத் தவறை வைத்துப் பிரித்தால் தலைப்புக்குத் தலைப்பு அது தானாகவே நடக்கும்: வகுத்தலில் ஈவில் பூச்சியத்தை விட்ட, வகுப்பிலேயே முதலாவதாக வரும் பிள்ளையும் உதவி தேவைப்படும் குழுவில் வந்து உட்காரும். நாமும் ஆசிரியர் அறையில் பேசும்போது அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்க வேண்டும். சன்னல்கள் திறந்தே இருக்கின்றன.

நாங்கள் ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் மட்டுமல்ல, மூன்றாம் வகுப்பும் என் அறையில்தான். எனக்கு இது ஆகுமா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தாம். செட்டிநாட்டுக் கிராமப் பள்ளிகள் பலவற்றின் நிலை அதுவே. சொல்லப்போனால் உங்களுக்குத்தான் இது மிகவும் பொருந்தும். ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற வகுப்புகளுக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்தே பழகியிருக்கிறீர்கள். அந்த ஏதோ ஒன்றுக்கு ஒழுங்கு வைப்பது மட்டுமே பாக்கி. வகுப்பையே குழுவாக வைத்து மூன்று மூலையோடு தொடங்கலாம். பிறகு, இனமாற்றக் கழித்தல் வராத ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நான்காம் வகுப்புக் குழுவோடு உட்கார வைக்கலாம். அப்போது ‘இறக்கிவிட்டார்கள்’ என்று வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்க, நான்காம் வகுப்பிலிருந்தும் இருவரை ஐந்தோடு சேருங்கள்.

இத்தனை நோட்டை யார் திருத்துவது?

எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். பயிற்சி மூலையின் விடைகளை ஓர் உறையில் போட்டு அங்கேயே வைத்துவிட்டால், இருவர் இருவராகத் தாமே சரிபார்த்துக்கொள்வார்கள். விளையாட்டு மூலையின் வரிகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். உங்கள் சிவப்பு மை ஆசிரியர் மூலையில் இருந்த குழுவுக்கு மட்டும். அதுவும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, தேதியையும் அன்று கண்ட தவறையும் ஒரு வரியில் எழுதிவருகிறேன். வளரறி மதிப்பீட்டுப் பதிவை, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளையை மதிப்பிட்டு எழுதும் பதிவை, எழுதும்போது அந்த நோட்டே கைகொடுக்கிறது.

இப்படியே போனால் பருவத்துக்குள் பாடம் முடியுமா?

முதல் பருவத்தில் சற்று இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். பழக்கத்துக்குச் செலவிட்ட அந்த இரண்டு வாரத்தை எங்கே ஈடுகட்டுகிறோம் என்றால், மறுபடி நடத்தும் நேரத்தில். நீள்வகுத்தலை முழு வகுப்புக்கும் மூன்றாவது முறையாக நடத்தும்போது, பாதிப் பேருக்கு அது முன்பே தெரியும். அவர்கள் நேரம் வீணாகிறது. அந்த மறுநடத்தல் தேவைப்படும் குழுவுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் மற்றவர்களுக்குப் பாடம் ஓடுகிறது. பருவத்தின் கடைசி வாரத்தில் மட்டும் நான் சுழற்சியை நிறுத்தி, தேர்வு வினாக்களை முழு வகுப்புக்கும் செய்ய வைக்கிறேன்.

‘பிள்ளையைப் பல்லாங்குழி ஆடவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்’ என்று பெற்றோர் கேட்டால்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று பாடவேளையில் அவர்களையும் ஒரு மூலையில் உட்கார வையுங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது. ஆத்தாமாருக்குப் பல்லாங்குழியில் பிள்ளைகளைவிடக் கை வேகம். ஆனால் ஈவையும் மீதியையும் எழுதச் சொன்னதும் பிள்ளைதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

பார்வைக்கு வரும் அலுவலர், வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை என்று எழுதிவிட்டால்?

எனக்கு ஒருமுறை அப்படி எழுதப்பட்டது. அதன் பிறகு, எந்தக் குழு எந்த மூலையில் எந்த வேலை செய்கிறது என்பதை ஒரு தாளில் கட்டம் போட்டுக் கதவருகே ஒட்டிவைக்கிறேன். உள்ளே வருபவர் முதலில் அதைப் பார்க்கிறார். பிறகு ஓசை ஓசையாகத் தெரிவதில்லை.

மூன்று மாதமாக ஆசிரியர் மூலையில் உட்கார வைத்தும் ஒரு பிள்ளை நகரவே இல்லை. இனி என்ன செய்வது?

முதலில் கண்ணையும் காதையும் வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். பலகையில் உள்ள இலக்கம் கண்ணுக்குத் தெரியாமலும், வாரத்தில் இரண்டு நாள் வராமலும் இருக்கும் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். எண்ணிக்கையே பிடிபடவில்லை என்று தோன்றினால், வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். அதோடு, அந்தப் பிள்ளைக்கு எது வருகிறது என்பதைத் தேடுங்கள்.

என் வகுப்புச் சிறுவன் ஒருவன் மேலே சொன்ன 402 – 157ஐ எத்தனை முறை கொடுத்தாலும் 355 என்றே எழுதினான். அவன் அப்பத்தா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் மாலை அங்கே சோப்பு வாங்கப் போனபோது, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதிச் சில்லறையை அவன்தான் எண்ணித் தந்தான். ஒரு ரூபாய் பிசகவில்லை. வாங்கிய தொகையிலிருந்து மேலே மேலே கூட்டிக்கொண்டு போய் ஐந்நூறைத் தொட்டான். மறுநாள் ஆசிரியர் மூலையில், 157 ரூபாய்க்குச் சாமான், 402 ரூபாய் கொடுத்திருக்கிறேன், மீதி தா என்றேன். 3 போட்டு 160 என்றான், 40 போட்டு 200, 200 போட்டு 400, இன்னும் 2. நான்கையும் கூட்டி 245 என்று சிலேட்டில் எழுதிவிட்டு, ‘இதுவும் கழித்தலா டீச்சர்?’ என்று கேட்டான். அவனுக்கு இனமாற்றம் இன்னும் வரவில்லை. ஈர்க்குச்சிக் கட்டுகளோடு அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் சுற்றில் அவனை வைத்திருக்கிறேன்.